வெளிநாட்டுக் கப்பல் நம் கடலுக்குள் வரும்போது: கோடு கோடாக ஒரு முழுமையான வழிகாட்டி

"பெர்த் கிடைக்க இன்னும் இரண்டு நாள் ஆகும் என்கிறீர்கள். அதுவரை கரையிலிருந்து எட்டு மைல் தள்ளி இன்ஜினை அணைத்துவிட்டு மிதந்துகொண்டிருக்கட்டுமா?"

தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்சி வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு வெளிநாட்டுக் கேப்டன் என்னிடம் இப்படிக் கேட்டார். பெர்த் என்பது துறைமுகத்தில் கப்பல் வந்து நிற்கும் இடம். எட்டு மைல் நல்ல தூரம்தானே, யாருக்கு என்ன இடைஞ்சல் என்று நினைத்து, சரியென்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் இருந்த அண்ணாச்சி போனை வாங்கி, "வேண்டாம் கேப்டன். இருபத்துநாலு மைலுக்கு வெளியே போய் நில்லுங்கள். இல்லையென்றால் துறைமுகம் காட்டும் நங்கூர இடத்துக்கு வாருங்கள்" என்று சொல்லிவிட்டு வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஓடுற கப்பலுக்கு உரிமை உண்டுடே. நிக்கிற கப்பலுக்கு அனுமதி வேணும்" என்றார்.

அதற்குப் பிறகு நான் படித்த சட்டமும் பார்த்த வழக்குகளும் அந்த ஒரு வரிக்கு விளக்கமாகவே அமைந்தன. கடல்சார் படிப்பு முடித்து முதல் கப்பல் ஏறப்போகிறவர்களுக்கும், ஏஜென்சி அலுவலகத்தில் புதிதாக உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும், பாக் நீரிணையில் தொழில் செய்யும் குடும்பங்களுக்கும் இதை எழுதுகிறேன். இந்தியக் கடலை நடுவில் வைத்திருக்கிறேன். இலங்கை வருகிற இடத்தில் அதையும் சேர்த்திருக்கிறேன்.

படி 1: கப்பல் எந்தக் கோட்டுக்குள் இருக்கிறது?

முதலில் சார்ட்டை, அதாவது கடல் வரைபடத்தை, திறங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

தூரத்தை அளப்பது கண்ணுக்குத் தெரியும் கரையிலிருந்து அல்ல; அடிக்கோட்டிலிருந்து. சாதாரணமாக, கடல் நன்றாக வற்றி நிற்கும்போது நீர் தொடும் விளிம்புதான் அடிக்கோடு. கரை வெட்டி வெட்டி உள்வாங்கியிருந்தாலும், ஓரத்தில் தீவுகள் வரிசையாக இருந்தாலும், முனைக்கு முனை நேர்கோடு இழுத்துக்கொள்ள நாடுகளுக்கு உரிமை உண்டு. இந்தியா தன் நேர் அடிக்கோடுகளை 2009-இல் அறிவித்தது. அதனால் "கரையிலிருந்து பதினைந்து மைல்" என்று மனக்கணக்கு போடுகிறவர், சட்டத்தின்படி பன்னிரண்டுக்குள்ளேயே இருந்துவிடக்கூடும்.

அடிக்கோட்டுக்கு உள்பக்கம் இருப்பது உள்நாட்டு நீர். துறைமுகம், கழிமுகம் எல்லாம் இதில் சேரும். நாட்டின் தரையில் என்ன அதிகாரமோ அதே அதிகாரம் இங்கேயும். அடிக்கோட்டிலிருந்து 12 கடல் மைல் வரை ஆட்புலக் கடல். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். ஆகவே சுமார் 22 கிலோமீட்டர். 24 மைல் வரை ஒட்டுக்கடல். இங்கே சுங்கம், குடிவரவு, சுகாதாரம் போன்ற விஷயங்களில் கரை நாடு கப்பலைச் சோதிக்கலாம். இந்தியாவின் சட்டம் இதோடு பாதுகாப்பையும் சேர்த்துக்கொள்கிறது. 200 மைல் வரை தனிப் பொருளாதார மண்டலம். அங்கே மீனும் எண்ணெயும் கனிமமும் கரை நாட்டுக்கு, கப்பல் ஓட்டும் சுதந்திரம் எல்லோருக்கும்.

இந்தியாவின் ஆட்புலக் கடல் எப்போதும் 12 மைலாக இருந்ததில்லை. 1956-இல் 6 மைல் என்று அறிவித்தார்கள். 1967-இல் 12 ஆக்கினார்கள். 1976-இல் வந்த கடல் மண்டலச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை 1982-இல் ஜமைக்காவின் மாண்டிகோ பேயில் கையெழுத்தாகி, 1994 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1995-இல் ஏற்றது.

இந்தக் கோடுகள் வெறும் ஏட்டுக் கணக்கு என்று நினைப்பவர்கள் 'என்ரிகா லெக்சி' வழக்கைப் பார்க்க வேண்டும். 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரையிலிருந்து சுமார் 20.5 கடல் மைல் தொலைவில், இத்தாலியக் கொடி பறந்த அந்த எண்ணெய்க் கப்பலில் இருந்த கடற்படை வீரர்கள் சுட்டதில் மீன்பிடிப் படகில் இருந்த இருவர் செத்துப்போனார்கள். ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளை. இடம் 12-க்கு வெளியே, 24-க்கு உள்ளே. அந்த எட்டரை மைல் வித்தியாசத்தால் கேரள அரசுக்கு விசாரிக்கும் அதிகாரம் இல்லை, மத்திய அரசுக்கே உண்டு என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன்பின் வழக்கு ஹேக் நகரின் நடுவர் தீர்ப்பாயம் வரை போனது. வீரர்களுக்கு விலக்குரிமை உண்டு, ஆனால் படகின் கப்பலோட்டும் சுதந்திரம் மீறப்பட்டதால் இந்தியாவுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று 2020-இல் தீர்ப்பு வந்தது. இத்தாலி 10 கோடி ரூபாய் கொடுத்து, 2021 ஜூனில் இந்திய வழக்கு மூடப்பட்டது. பையனைப் பறிகொடுத்த வீட்டுக்கு ஒன்பது ஆண்டுகள் பதில் இல்லாமலே கழிந்தன.

படி 2: அது என்ன கப்பல்?

கோடு தெரிந்தபிறகு கேட்க வேண்டியது கப்பலின் வகை. ஒரே இடத்தில் நிற்கும் நான்கு கப்பலுக்கு நான்கு விதமான சட்டம் பொருந்தும்.

சரக்குக் கப்பல், எண்ணெய்க் கப்பல், பயணிகள் கப்பல் இவற்றுக்கு ஆட்புலக் கடல் வழியாகத் தீங்கின்றிக் கடந்து போகும் உரிமை உண்டு. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கடந்து போனதற்கென்று கட்டணமும் வாங்கக் கூடாது.

போர்க்கப்பல் விஷயத்தில் நாடுகளுக்குள் ஒத்த கருத்து இல்லை. இந்தியாவின் 1976 கடல் மண்டலச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, போர்க்கப்பல்கள் மத்திய அரசுக்கு முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வரலாம் என்கிறது. இலங்கைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய் முன் அனுமதியே வேண்டும் என்கிறது. அமெரிக்கா இவை இரண்டையும் ஏற்பதில்லை. 2021 ஏப்ரலில் 'ஜான் பால் ஜோன்ஸ்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் லட்சத்தீவுக்கு மேற்கே சுமார் 130 கடல் மைலில், அதாவது நம் பொருளாதார மண்டலத்தில், முன்னனுமதி கேட்காமல் ஓடியது. அதை அமெரிக்கக் கடற்படையே வெளிப்படையாக அறிவித்தது. அந்த மண்டலத்தில் பிற நாடுகள் ராணுவப் பயிற்சி நடத்த இந்தியாவின் ஒப்புதல் வேண்டும் என்பது நம் நிலைப்பாடு. நீர்மூழ்கிக் கப்பலுக்கு மட்டும் எல்லா நாட்டிலும் ஒரே விதி: ஆட்புலக் கடலில் மேலே வந்து, தன் கொடியைக் காட்டிக்கொண்டு போக வேண்டும்.

ஆராய்ச்சிக் கப்பல் ஆட்புலக் கடலில் ஓர் அளவீடு எடுப்பதானாலும் கரை நாட்டின் வெளிப்படையான சம்மதம் தேவை. பொருளாதார மண்டலத்திலும் சம்மதம் வேண்டும். திட்ட விவரத்தை ஆறு மாதம் முன்பே கொடுக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் சீனாவின் 'யுவான் வாங் 5' அம்பாந்தோட்டைக்கு வந்தபோது எழுந்த பரபரப்பு நினைவிருக்கும். இலங்கை நீரில் ஆராய்ச்சி செய்யக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அனுமதி தரப்பட்டது. பிறகு 2024-இல் ஓராண்டுக்கு எந்த வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பலும் வேண்டாம் என்று இலங்கை நிறுத்திவைத்தது.

வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல் 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரும். உரிமம் இல்லாமல் கடந்து மட்டும் போவதென்றால் வலை, தூண்டில், மடி எல்லாவற்றையும் கட்டி உள்ளே வைத்திருக்க வேண்டும். இந்த விதியை அடிக்கோடிட்டுப் படியுங்கள். ஏனென்று கடைசிப் படியில் சொல்கிறேன். ஆட்புலக் கடலில் உரிமமின்றி மீன் பிடித்தால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது 15 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

படி 3: கடந்து போகிறதா, வேறு ஏதாவது செய்கிறதா?

அண்ணாச்சி சொன்ன வரியின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது. 'கடப்பு' என்றால் இடைவிடாமல், தாமதிக்காமல் போவது. நிறுத்துவதும் நங்கூரம் போடுவதும் மூன்று சமயங்களில்தான் செல்லும்: கப்பலோட்டத்தின் வழக்கமான பகுதியாக இருந்தால்; கை மீறிய காரணமோ ஆபத்தோ வந்தால்; ஆபத்தில் இருக்கும் இன்னொருவருக்கு உதவப் போனால். பெர்த் காலியாகும்வரை எட்டு மைலில் சும்மா மிதப்பது இந்த மூன்றுக்குள்ளும் எளிதில் அடங்காது. அன்றைக்கு நான் சரியென்று சொல்லியிருந்தால், கடலோரக் காவல் படையின் ரேடியோ அழைப்புக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்தக் கேப்டன்.

'தீங்கற்றது' என்பதை உடன்படிக்கையின் 19-ஆவது பிரிவு எதிர்மறையாக விளக்குகிறது. செய்யக் கூடாத பன்னிரண்டைச் சொல்கிறது. ஆயுதப் பயிற்சி, உளவு, விமானம் ஏற்றி இறக்குவது, சுங்க விதியை மீறிச் சரக்கோ ஆளோ ஏற்றி இறக்குவது, வேண்டுமென்றே கடலைக் கெடுப்பது, மீன் பிடிப்பது, அளவீடு எடுப்பது, கரை நாட்டின் தகவல் தொடர்பைக் குலைப்பது என்று போய், பன்னிரண்டாவதாக 'கடப்போடு நேரடித் தொடர்பு இல்லாத வேறு எந்தச் செயலும்' என்று முடிகிறது. அந்தக் கடைசி வரி ஒரு பெரிய வலை. நடுக்கடலில் மீன்பிடிப் படகிடம் டீசல் வாங்குவது, ஒரு போத்தலுக்கு மீன் மாற்றிக்கொள்வது எல்லாம் அதில் சிக்கும். ஆபத்தில்லாத பண்டமாற்று என்று மாலுமிகள் நினைக்கிற இதுதான் சுங்க வழக்காக மாறுகிறது.

உரிமை கப்பலுக்கு மட்டும் என்றில்லை. கரை நாட்டுக்கும் கடமை உண்டு. தன் கடலில் இருக்கும் ஆபத்தை எச்சரிக்க வேண்டும். இது ரத்தத்தில் எழுதிய விதி. 1946 அக்டோபரில் அல்பேனியாவின் கோர்ஃபு கால்வாயில் இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் கண்ணிவெடியில் மோதி 44 பேர் இறந்தார்கள். கண்ணி இருப்பது தெரிந்திருந்தும் எச்சரிக்கவில்லை என்று 1949-இல் சர்வதேச நீதிமன்றம் அல்பேனியாவைப் பொறுப்பாக்கியது.

அந்த எச்சரிக்கைகளை நீங்கள் பார்த்தீர்களா என்பது அடுத்த கேள்வி. நம் பகுதிக்கு நாவேரியா எட்டு என்ற வானொலி எச்சரிக்கை வருகிறது, ஒருங்கிணைப்பது இந்தியா. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில், ஒடிசா கரையில் ஏவுகணைச் சோதனை நடக்கும் நாளில் குறிப்பிட்ட கடல் பரப்பைத் தவிர்க்கச் சொல்வார்கள். தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாகிவிட்டது. அது இயங்கத் தொடங்கியதும் மன்னார் வளைகுடா வழியாக வரும் கப்பல்களும் படகுகளும் இந்தப் பழக்கத்துக்கு வர வேண்டியிருக்கும்.

கழிவு விஷயத்திலும் 12 மைல் முக்கியம். அரைக்காத உணவுக் கழிவைக் கரையிலிருந்து 12 மைலுக்குள் கொட்டக் கூடாது. அரைத்ததென்றாலும் 3 மைலுக்குள் கூடாது. சுத்திகரிக்காத கழிவறை நீருக்கும் 12 மைல்தான். பிளாஸ்டிக்கை உலகின் எந்தக் கடலிலும் போடக் கூடாது.

படி 4: துறைமுகத்துக்குள் வருவது

கடந்து போக உரிமை உண்டு என்பதால் உள்ளே வரவும் உரிமை உண்டு என்று எண்ண வேண்டாம். துறைமுகம் உள்நாட்டு நீர். வாசல் வீட்டுக்காரருடையது.

இந்தியத் துறைமுகத்துக்கு வரும் கப்பல் 96 மணி நேரத்துக்கு முன்பே பாதுகாப்பு முன்னறிவிப்பைக் கொடுக்க வேண்டும். இதில் கப்பலின் சர்வதேசப் பாதுகாப்புச் சான்றிதழ் எண், இப்போதைய பாதுகாப்பு நிலை, கடைசியாகத் தொட்ட பத்துத் துறைமுகங்கள், சரக்கு, ஆட்கள் எல்லாம் இருக்கும். கொழும்பிலிருந்து தூத்துக்குடி ஒரு நாளுக்குள் முடிகிற ஓட்டம். அங்கே கயிறு அவிழ்த்தபிறகு படிவத்தைத் தேடினால் நிச்சயம் தாமதம் ஆகும். கொழும்புக்கு வரும் வழியிலேயே தூத்துக்குடிக்கான தாள்களைத் தயார் செய்யச் சொல்லிக் கேப்டனை நச்சரிப்பது ஏஜெண்டின் வேலை. கடைசிப் பத்துத் துறைமுகம் என்ற கட்டத்தில் பழைய பட்டியலை அப்படியே ஒட்டி அனுப்பி மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய. ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக எழுதுங்கள்.

காப்பீடு அடுத்தது. 2011 மழைக்காலத்தில் மும்பைப் பக்கம் அடுத்தடுத்து மூன்று கப்பல்கள் சிக்கலில் மாட்டின. 'விஸ்டம்' என்ற பழைய கப்பல் இழுவைக் கயிறு அறுந்து ஜுஹு கடற்கரையில் ஏறியது. ஓமன் பக்கம் கைவிடப்பட்ட 'பாவித்' ஆளில்லாமல் மிதந்து வந்து அதே கடற்கரையில் நின்றது. சில நாளில் 'ராக் கேரியர்' நிலக்கரியோடு மூழ்கி எண்ணெய் பரவியது. கப்பலை அகற்றும் செலவு யாருடையது என்ற கேள்விதான் 2012-இல் வந்த துறைமுக நுழைவு விதிகளுக்குப் பின்னால் இருக்கிறது. மூன்றாம் தரப்பு இழப்புக்கும் சிதைவை அகற்றுவதற்கும் காப்பீடு காட்டாத கப்பலை நுழையவிட மாட்டார்கள்.

சுங்கத்துக்குச் சரக்குப் பட்டியல், அதாவது நாங்கள் ஐஜிஎம் என்று சொல்வது, கப்பல் வருவதற்கு முன்பே மின்னணு வழியில் போய்விட வேண்டும். தகுந்த காரணமின்றித் தாமதித்தால் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். உள்நுழைவு அனுமதி கிடைக்கும்வரை ஒரு பெட்டியைக்கூட இறக்கக் கூடாது. சொந்தப் பாய்மரப் படகில் உலகம் சுற்றி வருகிறவர்களுக்கும் இதில் சலுகை கிடையாது. சுங்கத் துறைமுகம் அல்லாத அழகான ஒரு கடற்கரையில் முதலில் கால் வைக்க ஆசைப்பட வேண்டாம்.

சுகாதாரத்துக்கு: மஞ்சள் நிற 'கியூ' கொடியை ஏற்றுங்கள். 'என் கப்பலில் நோய் இல்லை, கரையோடு தொடர்புகொள்ள அனுமதி கேட்கிறேன்' என்பது அதன் பொருள். துறைமுகச் சுகாதார அதிகாரி கடல்சார் சுகாதார அறிக்கையைப் பார்த்து ஃப்ரீ பிராட்டிக், அதாவது கரையோடு தொடர்புகொள்ளும் அனுமதி, கொடுப்பார். அதன்பின் மஞ்சள் கொடியை இறக்கலாம். முன் கொடிக்கம்பத்தில் இந்தியக் கொடி, கிழியாமல், சரியான பக்கம் மேலாக. தலைகீழாகக் கட்டிய கொடியோடு ஒரு கப்பல் வந்து நின்றபோது முதலில் பதறியது கப்பலில் ஏறிப் பார்க்கப் போன நாங்கள்தான்.

கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தும் பைலட் ஏறும் ஏணியில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். நீரிலிருந்து ஏற வேண்டிய உயரம் 9 மீட்டருக்கு மேல் என்றால் கயிற்றேணியோடு பக்கவாட்டுப் படிக்கட்டும் சேர்த்துக் கட்ட வேண்டும். நைந்த கயிற்றைப் பார்த்துப் பைலட் ஏற மறுத்தால் அவர் பக்கம்தான் நியாயம்.

தாள்களைப் பொறுத்தவரை, பதிவுச் சான்றிதழ், டன் அளவுச் சான்றிதழ், சுமைக்கோடு, பாதுகாப்புக் கட்டமைப்பு மற்றும் உபகரணச் சான்றிதழ்கள், எண்ணெய் மாசுத் தடுப்பு, பாதுகாப்பு மேலாண்மை, கடைசித் துறைமுகத்தின் கிளியரன்ஸ் (புறப்பட அனுமதித்த சான்று), மாலுமிகள் பட்டியல், அவர்களின் சொந்தப் பொருள் பட்டியல், ஸ்டோர்ஸ் (கப்பலின் உபயோகப் பொருட்கள்) பட்டியல் இவ்வளவும் ஒரே கோப்பில் இருக்கட்டும். காலாவதித் தேதிகளை முந்தின இரவே பார்த்துவிடுங்கள். இந்தியாவில் 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்துக்கும் 1908-ஆம் ஆண்டின் துறைமுகச் சட்டத்துக்கும் மாற்றாக 2025-இல் நாடாளுமன்றம் புதிய சட்டங்களை நிறைவேற்றியிருக்கிறது. ஆகவே பழைய சுற்றறிக்கையின் நகலை நம்பாமல், கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் அண்மைய உத்தரவைப் பாருங்கள்.

படி 5: மாலுமிகளைச் சிறைக்கு அனுப்பும் சின்னச் சின்னப் பொருட்கள்

சாட்டிலைட் போன். இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2008 மும்பைத் தாக்குதலில் கொலையாளிகள் ஒரு இந்திய மீன்பிடிப் படகைக் கடத்தி வந்தார்கள். கரையில் இருந்தவர்களோடு சாட்டிலைட் போன்களில் பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நம் கடலில் துரயா, இரிடியம் போன்களை அனுமதியின்றிப் பயன்படுத்தத் தடை வந்தது. பல நாடுகளில் கடையில் வாங்கக்கூடிய சாதாரணப் பொருள் என்பதால் மாலுமிகளுக்கு இதன் தீவிரம் உறைப்பதில்லை. கப்பலில் இருந்தால் முன்னறிவிப்பிலேயே குறிப்பிடுங்கள். அணைத்து, கேப்டனின் பெட்டகத்தில் பூட்டுங்கள். மகளின் பிறந்தநாளுக்கு இரண்டு நிமிடம் பேச ஆசைப்பட்டவர் காவல் நிலையத்தில் உட்காருவதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

ஆயுதக் காவலர்கள் ஏறியிருந்தால் ஒவ்வொரு துப்பாக்கியும் ஒவ்வொரு தோட்டாவும் முன்கூட்டியே தெரிவிக்கப்பட வேண்டும். மதுவும் சிகரெட்டும் சுங்கம் முத்திரை வைத்த அறையில் இருக்க வேண்டும். முத்திரையைத் தொடாதீர்கள். கப்பலின் பெயரையும் இடத்தையும் தானாக அறிவிக்கும் ஏஐஎஸ் கருவியை அணைக்காதீர்கள்; அணைத்த நேரம் கரையில் ஒருவர் திரையில் பதிவாகும். அது தவிர, நீண்டதூர அடையாளக் கருவி வழியாக 1,000 கடல் மைல் தொலைவிலேயே கரை நாடு கப்பலின் இடத்தை அறியலாம்.

படி 6: ஆபத்தில் வரும் கப்பல்

புயலில், தீயில், இன்ஜின் போனபோது கப்பல் எல்லைக்குள் வரலாம். ஆனால் ஆபத்து என்பதை அந்த நேரத்திலேயே உரக்கச் சொல்ல வேண்டும். பிறகு நீதிமன்றத்தில் சொன்னால் போதாது. விஎச்எஃப் வானொலியின் 16-ஆம் சேனலில் அழையுங்கள். சென்னை, மும்பை, ஸ்ரீவிஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேர் ஆகிய மூன்று இடங்களில் கடலோரக் காவல் படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்கள் உள்ளன; இந்தியாவுக்குள்ளிருந்து 1554-க்கு அழைக்கலாம். நேரம், இடம், காற்று, இன்ஜின் நிலை எல்லாவற்றையும் லாக் புத்தகத்தில், அதாவது கப்பலின் பதிவேட்டில், அப்போதே எழுதுங்கள்.

2013 அக்டோபரில் தூத்துக்குடிக்கு அப்பால் 'சீமேன் கார்டு ஓஹியோ' பிடிபட்டபோது அதில் 35 பேரும் 35 துப்பாக்கிகளும் இருந்தன. கடற்கொள்ளைக்கு எதிராகக் காவல் தரும் கப்பல் அது. மீன்பிடிப் படகு வழியாக டீசல் வாங்கியதாக வழக்கு. பைலின் புயல் நாட்களில் எரிபொருள் தீர்ந்து வந்தோம் என்பது அவர்கள் வாதம். 2016 ஜனவரியில் ஐந்தாண்டுத் தண்டனை. 2017 நவம்பரில் உயர் நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. நான்கு நாட்டுக்காரர்கள் நான்காண்டுகளைப் புழல் சிறையிலும் நீதிமன்ற வாசலிலும் கழித்தார்கள். எந்த ஊரில் என்றாலும் ஒரு தெளிவான ஆபத்து அழைப்பும் நேரத்தோடு எழுதிய லாக்கும் இருந்தால் அது கேப்டனுக்கு முதல் சாட்சி.

துறைமுகங்களுக்கும் இங்கே ஒரு மனசாட்சிக் கேள்வி உண்டு. 2021 மே மாதம் 'எக்ஸ்பிரஸ் பேர்ல்' கப்பலில் நைட்ரிக் அமிலப் பெட்டி ஒன்று கசிந்தது. கத்தாரின் ஹமாத், குஜராத்தின் ஹசீரா இரண்டிலும் அதை இறக்க முடியவில்லை. கொழும்பு வந்து தீப்பிடித்து ஜூன் தொடக்கத்தில் மூழ்கியது. கோடிக்கணக்கான பிளாஸ்டிக் மணிகள் இலங்கைக் கரையெங்கும் ஒதுங்கின. நான்காண்டு கழித்து, 2025 மே 25 அன்று 'எம்எஸ்சி எல்சா 3' கேரளத்துக்கு அப்பால் மூழ்கியபோது அதே வெள்ளை மணிகள் கன்னியாகுமரி மணலிலும் வந்து கிடந்தன. கசிகிற பெட்டியை வாசலிலேயே திருப்பி அனுப்பும் உரிமை சட்டத்தில் இருக்கலாம். ஒரு துறைமுகம் தட்டிக்கழித்தது அடுத்த துறைமுகத்தின் கரையில் எரிகிறது.

எல்சா வழக்கில் இழப்பீட்டுக்காகக் கேரள உயர் நீதிமன்றம், விழிஞ்ஞத்தில் நின்ற 'எம்எஸ்சி அகிடெட்டா 2' என்ற இன்னொரு கப்பலைத் தடுத்துவைக்க உத்தரவிட்டது. கப்பல் மீதான உரிமைகோரல்களுக்கான கடலாண்மைச் சட்டத்தில் இதற்கு இடம் உண்டு. சும்மா கடந்து போகும் கப்பலைப் பழைய கடனுக்காகப் பிடிக்க முடியாது. துறைமுகத்தில் கயிறு கட்டியபிறகு பிடிக்கலாம்.

படி 7: தடுத்து நிறுத்தினால்

காவல் படை அழைத்தால் உடனே பதில் சொல்லுங்கள்: பெயர், கொடி, எங்கிருந்து எங்கே, சரக்கு. நிற்கச் சொன்னால் நில்லுங்கள். ஆட்புலக் கடலில் தவறு செய்த கப்பலை வெளிக்கடல் வரை விரட்டிப் பிடிக்கலாம். விரட்டல் எல்லைக்குள் தொடங்கி, இடையறாமல் தொடர வேண்டும். இன்னொரு நாட்டின் ஆட்புலக் கடலில் கப்பல் நுழைந்ததும் விரட்டுவதை விட்டுவிட வேண்டும்.

கடந்து போகும் கப்பலுக்குள் நடந்த குற்றத்தில் கரை நாடு எப்போதும் தலையிடாது. விளைவு கரையைத் தொட்டால், நாட்டின் அமைதியைக் கெடுத்தால், கேப்டனோ அவர் நாட்டுத் தூதரோ கேட்டுக்கொண்டால், போதைப்பொருள் சம்பந்தம் இருந்தால் தலையிடலாம். தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்பது கேப்டனின் உரிமை. போர்க்கப்பலைப் பிடிக்க முடியாது. விதியை மீறினால் உடனே வெளியேறச் சொல்லலாம், சேதத்துக்கு அந்த நாடு பொறுப்பு.

இனி நம் வீட்டுப் பிள்ளைகள். ராமேசுவரத்திலிருந்து கிளம்பும் விசைப்படகு இலங்கை எல்லைக்குள் போனால் அதுவும் வெளிநாட்டுப் படகுதான். பாக் நீரிணைக்கு ஒரு தனித்தன்மை உண்டு: அதை இரு நாடுகளும் வரலாற்று நீர்ப்பரப்பாகவும் தத்தம் பக்கத்தை உள்நாட்டு நீராகவும் கொள்கின்றன. அதனால் தீங்கற்ற கடப்பு உரிமை என்ற பேச்சையே அங்கே எடுக்க முடியாது. 1974 ஜூன் ஒப்பந்தம் கச்சத்தீவுக்கு மேற்கே ஒரு மைல் தள்ளிக் கோட்டை வரைந்தது. வழிபாட்டுக்கும் வழக்கமான போக்குவரவுக்கும் இடம் விட்டது. 1976-இல் மன்னார் வளைகுடாவுக்கான ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்கள், ஒருவர் நீரில் மற்றவர் மீன் பிடிக்கக் கூடாது என்றன. நம் ஊரில் பலர் முதலாவதை மட்டும் சொல்கிறார்கள். இலங்கை நீதிமன்றம் இரண்டாவதையும் பார்க்கிறது. அங்கே இழுவைமடிக்கு 2017-இலேயே தடை வந்துவிட்டது. இழுவைமடி அறுத்துப்போடும் வலை வடக்கில் போரைத் தாண்டி வந்த இன்னொரு தமிழ் மீனவரின் வலை என்பதையும் சேர்த்துத்தான் இதைப் பேச வேண்டும்.

இன்ஜின் கெட்டோ காற்றில் தள்ளப்பட்டோ கோட்டைத் தாண்டினால், முதல் வேலை மடியை ஏற்றிக் கட்டி வைப்பது. நனைந்த மடியும் பெட்டி நிறைய மீனும் இருந்தால் வழிதவறி வந்தோம் என்பதை யாரும் நம்ப மாட்டார்கள். 16-ஆம் சேனலில் நிலைமையைச் சொல்லுங்கள். ஜிபிஎஸ் பதிவை அழிக்காதீர்கள். எப்போது, எங்கே இன்ஜின் நின்றது என்பதைக் காட்டப்போவது அதுதான். படகின் பதிவுச் சான்று, மீன்வளத்துறை டோக்கன், ஒவ்வொருவரின் அடையாள அட்டை இவற்றின் நகல் படகிலும் இருக்கட்டும், வீட்டிலும் இருக்கட்டும். கைது நடந்தால் இலங்கைக் கடற்படை மீன்வளத்துறையிடம் ஒப்படைத்து, அவர்கள் நீதவான் முன் நிறுத்துவார்கள். யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. குடும்பத்தார் அன்றே மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் பெயர், வயது, படகு எண் மூன்றையும் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். படகு வழக்கு ஆட்களின் வழக்கோடு முடியாது. உரிமையாளர் தனியாக அங்கே நீதிமன்றத்தில் முன்னிலையாக வேண்டும். அதற்கான அசல் தாள்களைப் படகிலேயே வைத்துவிட்டுத் தேடாதீர்கள்.